முத்திரையில் சேலம், ஊர் வேறு

பழைய தபால்தலையும் நாணயமும் விற்பவர்களிடம் படம் போட்ட அஞ்சல் அட்டைகள் கட்டாக வரும்போது, ‘சேலம்’ என்று முத்திரை விழுந்ததை மட்டும் தனியே உருவி வைத்து விலையைக் கூட்டிச் சொல்வது வழக்கம். படத்தில் இருபுறமும் மரம் நிற்கும் அகலத் தெரு, குதிரை வண்டி, தொப்பி போட்ட ஆட்கள். “வெள்ளைக்காரன் காலத்து ஹஸ்தம்பட்டி சார்” என்றால் நம்பத்தான் தோன்றும். பணத்தை எடுப்பதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தபால்தலையில் ‘சென்ட்’ என்றிருந்தால் அது கடல் தாண்டிய சேலம்.

அமெரிக்காவில் சேலத்துக்குப் பஞ்சமில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் 1692-இல் சூனியக்காரி என்று சொல்லி ஆட்களைத் தூக்கில் போட்ட ஊர். அந்தப் பெயரை வைத்தே சுற்றுலா வளர்ந்ததால் அங்கிருந்து அட்டைகள் குவியல் குவியலாகப் போயிருக்கின்றன. ஆரிகன் மாநிலத்தின் தலைநகரம் இன்னொரு சேலம். ஒஹையோ, இல்லினாய், நியூ ஜெர்சி, வர்ஜீனியா என்று பட்டியல் நீளும். தமிழ் பைபிளில் மெல்கிசேதேக்கு ராஜா ஆண்ட ‘சாலேம்’ வருகிறதே, அந்தச் சொல்தான் அங்கே ஊர்ப் பெயராயிற்று. நம் சேலத்துக்கும் அதற்கும் உறவில்லை.

பச்சைத் தபால்தலை ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து நாட்டை முடிவு செய்யக் கூடாது. அந்தக் காலத்தில் உலகத் தபால் ஒப்பந்தப்படி மிகக் குறைந்த கட்டணத்துக்குப் பச்சை நிறம். அமெரிக்காவின் 1 சென்ட், பிரிட்டனின் அரை பென்னி, இந்தியாவின் அரை அணா எல்லாமே பச்சைதான். தலையில் பிரிட்டிஷ் ராஜா முகம் இருந்தால் பிரிட்டனோ இந்தியாவோ பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வேறு நாடோ. அமெரிக்கத் தலையில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருப்பார், 1912 முதல் சில ஆண்டுகள் அதே 1 சென்ட்டில் வாஷிங்டன் இருப்பார். யாரோ தலையை ஊற வைத்து உரித்துப் போயிருந்தால் முத்திரையின் வடிவத்தைப் பாருங்கள். அமெரிக்க இயந்திர முத்திரையில் இடப்பக்கம் வட்டம், வலப்பக்கம் அலைக் கோடுகள் அல்லது கொடி. வட்டத்துக்குள் ஊர்ப் பெயருடன் மாநிலத்தின் சுருக்கமும் இருக்கும். அந்தச் சுருக்கத்திலும் ஒரு குழி உண்டு. ‘இண்ட்’ என்று பார்த்ததும் இந்தியா என்று துள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இண்டியானா மாநிலம். ‘இண்ட். டெர்.’ என்றிருந்தால் இண்டியன் டெரிட்டரி. 1907 நவம்பரில் அது ஓக்லஹோமா மாநிலத்துக்குள் போய்விட்டதால், அந்த முத்திரை உள்ள காகிதம் அநேகமாக அதற்கு முந்தையது என்று எழுதலாம்.

சேலத்துச் சர்ச், மிஷன் காகிதங்களில் ஆங்கிலக் கடிதம் கிடைத்தால் அமெரிக்கா என்று உடனே எண்ண வேண்டாம். இது அப்போது லண்டன் மிஷனின் களம். அமெரிக்க மிஷன்கள் ஒருபுறம் வேலூர், ஆற்காட்டிலும் மறுபுறம் மதுரையிலும் வேலை செய்தன. அந்த மதுரைக்காரர்கள்தான் கொடைக்கானல் மலையில் பங்களா கட்டினார்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்ட பங்களாக்களில் இருந்தவர்களும் அநேகமாக ஐரோப்பியர்கள். ஆகவே இங்கே கிடைக்கும் கட்டில் அமெரிக்கக் கடிதம் சிறுபான்மைதான். அடையாளம் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது: ‘கலர்’, ‘ஹானர்’ போன்ற சொற்களில் ‘யூ’ எழுத்து இல்லாமல் எழுதுவது அமெரிக்க வழக்கம். தேதியில் மாதம் முன்னால் வரும். 7/4/12 என்றிருந்தால் அது ஜூலை 4, ஏப்ரல் 7 அல்ல. இந்த ஒன்றைக் கோட்டை விட்டுக் கடிதங்களை வரிசைப்படுத்தினால் கட்டு முழுக்கக் குழம்பிப் போகும், பிறந்த குழந்தைக்கு முன்னாலேயே பெயர்சூட்டு விழா வந்து நிற்கும்.

இனி அட்டையின் முதுகு. படத்தை வைத்து, உடையை வைத்து, மீசையை வைத்து ஆண்டு சொல்வது பொழுதுபோக்குக்குச் சரி. பதிவேட்டில் ஏற்ற வேண்டுமானால் முதுகுதான் பேச வேண்டும். அமெரிக்காவில் 1898 மே மாதச் சட்டத்துக்குப் பிறகு தனியார் அச்சிட்ட அட்டைகளும் ஒரு சென்ட்டில் போகலாம் என்றாயிற்று. அவற்றின் பின்புறம் ‘பிரைவேட் மெயிலிங் கார்ட்’ என்றிருக்கும். 1901 டிசம்பர் கடைசியிலிருந்து ‘போஸ்ட் கார்ட்’ என்று அச்சிட அனுமதி வந்தது. அப்போதும் முகவரிப் பக்கத்தில் ஒரு வரி எழுதக் கூடாது. அதனால்தான் அந்த ஆண்டுகளின் அட்டைகளில் படத்தின் ஓரத்திலும் வானத்திலும் ஏரித் தண்ணீரிலும் ஆட்கள் நலம் விசாரித்திருப்பார்கள். 1907 மார்ச் 1 முதல் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி. பிரிட்டனில் இந்த நடுக்கோடு 1902-லேயே வந்துவிட்டது. ஆகவே நடுக்கோடு இருந்து, முத்திரை 1904 என்று தெளிவாக இருந்தால், அது பெரும்பாலும் பிரிட்டிஷ் அட்டை. படத்தைச் சுற்றி வெள்ளைக் கரை விட்டு அச்சிடுவது ஏறத்தாழ 1915-க்குப் பிறகு வந்த பழக்கம். துணி நெய்தது போன்ற மேற்பரப்பு இருந்தால் 1930-களுக்கு வந்துவிட்டீர்கள்.

அட்டை அச்சடித்ததா, உண்மையான புகைப்படமா என்பது அடுத்த கேள்வி. விலையே அதில்தான் இருக்கிறது. கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பைச் சரிபார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். அச்சடித்ததில் முகம் புள்ளி புள்ளியாக உடையும். புகைப்படத்தில் எவ்வளவு நெருங்கினாலும் புள்ளி தெரியாது, சாம்பல் நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும். கோடக் 1903-இல் கொண்டுவந்த 3ஏ மடிப்புக் கேமராவின் பிலிம் அளவு 3¼×5½ அங்குலம். அஞ்சல் அட்டை அளவு. பெரிதாக்காமல் பிலிமை நேரே தாளோடு ஒட்டி வைத்து ஒளி காட்டினால் அட்டை தயார். தன் வீட்டுத் திண்ணையில் நிற்கும் பெண்டாட்டி பிள்ளைகளை எடுத்து அட்டையாக அனுப்பும் பழக்கம் பரவியது இப்படித்தான். இதற்கு முன்பே 1900-இல் பிரௌனி கேமரா ஒரு டாலருக்கு வந்திருந்தது. அதன் முதல் மாடலின் படம் 2¼ அங்குலச் சதுரம். கையடக்கமான சதுரப் படம் கிடைத்தால் முதலில் பிரௌனியை நினையுங்கள்.

புகைப்பட அட்டையில் தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றித் தாள் கம்பெனியின் பெயர் இருக்கும்: ஏஸோ, வீலாக்ஸ், சைக்கோ. ஏஸோவில் நான்கு மூலையிலும் முக்கோணம். நான்கும் மேல்நோக்கி இருந்தால் 1904 முதல் 1918 வரை, இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918 முதல் 1930 வரை. இந்தக் கணக்கை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், தவறாகவும் பயன்படுத்துகிறார்கள். முக்கோணம் சொல்வது தாள் தயாரான காலம். வாங்கிய தாளை நாலு வருஷம் அலமாரியில் போட்டுவிட்டுப் பிறகு அச்சிட்டவர்கள் உண்டு. 1890-இல் எடுத்த பிலிமை 1910-இல் அட்டையாக்கியவர்களும் உண்டு. ‘இதற்கு முன்னால் இந்த அட்டை இருந்திருக்க முடியாது’ என்பதுதான் முக்கோணத்தின் வாக்குமூலம். அதற்கு மேல் அதன் வாயில் சொல்லைத் திணிக்காதீர்கள்.

முத்திரையில் ஆண்டு மட்டும் கலைந்திருக்கிறது என்று வையுங்கள். அப்போது கட்டணம் கை கொடுக்கும். அமெரிக்காவில் அப்போது உள்நாட்டு அட்டைக்கு 1 சென்ட், கடிதத்துக்கு 2 சென்ட். போர்ச் செலவுக்காக 1917 நவம்பர் 2 முதல் 1919 ஜூன் 30 வரை அட்டை 2 சென்ட், கடிதம் 3 சென்ட். இந்த இடைவெளியில் கிறிஸ்துமஸ் இரண்டே முறை வருகிறது. ஆகவே 2 சென்ட் ஒட்டிய கிறிஸ்துமஸ் அட்டை என்றால் 1917 அல்லது 1918. ஒரு சிக்கல் உண்டு. 1925 ஏப்ரல் முதல் 1928 ஜூன் வரையும் தனியார் அட்டைக்கு 2 சென்ட் வாங்கினார்கள். பிரிப்பது எளிது: முதல் காலத்துச் சிவப்பு 2 சென்ட்டில் வாஷிங்டன் முகத்தின் கீழ் பெயர் இருக்காது. 1920-களின் வரிசையில் முகத்துக்கு அடியில் நாடாவில் பெயர் எழுதியிருக்கும். வெளிநாட்டுக்கு அட்டை 2 சென்ட், கடிதம் 5 சென்ட், அது நீலத் தலை. 1907 அக்டோபருக்கு முன் அந்த 5 சென்ட்டுக்கு அரை அவுன்ஸ்தான் போகும், பிறகு ஒரு அவுன்ஸ். இந்தியாவுக்கு வந்த அட்டையில் 1 சென்ட் மட்டும் ஒட்டி, பக்கத்தில் ‘டி’ என்ற எழுத்து முத்திரையாக விழுந்திருந்தால், பெற்றவர் பாக்கியைக் கட்டி வாங்கியிருக்கிறார் என்று பொருள்.

இதனால்தான் உறையின் மூலையைக் கிழித்துத் தலையை எடுப்பவர்கள் மேல் கோபம் வருகிறது. ஒரு ரூபாய் பெறாத தலைக்காகக் கடிதத்தின் பிறப்புச் சான்றிதழையே கிழிக்கிறார்கள். உறையின் முன்புறம் புறப்பட்ட தேதி, பின்புறம் நம்மூர்த் தபால் ஆபீஸ் போட்ட வந்து சேர்ந்த தேதி. இரண்டையும் கழித்தால் பயணம் எத்தனை நாள் என்று வந்துவிடும். உறை, கடிதம், உள்ளே வைத்திருந்த படம் மூன்றும் ஒரே எண்ணில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். படத்தை ஆல்பத்துக்கும் கடிதத்தை ஃபைலுக்கும் தலையைத் தபால்தலைப் புத்தகத்துக்கும் அனுப்பிவிட்டால் மூன்றும் அநாதை.

படத்தோடு எழுத்தும் சேர்ந்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு லூயிஸ் ஹைன் சாட்சி. 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக நூற்பாலை, சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை என்று அலைந்து படமெடுத்தவர். தறியருகே நிற்கும் சிறுமியின் வயது, எவ்வளவு காலமாக வேலை, என்ன கூலி என்று ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதினார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் 5,100-க்கு மேற்பட்ட அந்தப் படங்கள் குறிப்புகளோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே இடத்தில் பெயின் செய்தி நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்களும் டெட்ராய்ட் பதிப்பகத்தின் ஊர்க் காட்சிகளும் இருக்கின்றன. கையில் உள்ள அட்டையின் தெரு எது என்று ஒப்பிட டெட்ராய்ட் தொகுப்புதான் முதல் இடம். பார்வைக்கு வரும் சிறிய படத்தை இறக்காமல் பெரிய ‘டிஃப்’ கோப்பை இறக்குங்கள், கடைப் பலகை எழுத்தைக்கூட வாசிக்கலாம்.

கடிதம் வாசிப்பதில் தடுமாற வைப்பது கையெழுத்தைவிடப் பக்க வரிசை. ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். சிலர் 1, 2, 3, 4 என்று எழுதுவார்கள். சிலர் முதல் பக்கம் முடிந்ததும் கடைசிப் பக்கத்துக்குத் தாவி, பிறகு உள்ளே விரித்துக் குறுக்கே எழுதுவார்கள். வாக்கியம் அறுந்த இடத்தை ஒட்டிப் பார்த்த பிறகே எண் போடுங்கள், அதுவும் மெல்லிய பென்சிலில், ஓரத்தில். ‘இன்ஸ்ட்.’ என்றால் இந்த மாதம், ‘அல்ட்.’ என்றால் போன மாதம். ‘12 அல்ட்.’ என்று ஜூன் கடிதத்தில் இருந்தால் மே 12. பழுப்பேறி மங்கிய மசியை ஸ்கேன் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அடுக்கில் நீலச் சானலை மட்டும் தனியே பார்த்தால் எழுத்து எழும்பி வரும். ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சும் உதவும்: இரும்பு உப்புக் கலந்த பழைய காலத்து இரும்பு மசி அதில் கருத்துத் தெரியும். அதே டார்ச்சில் இன்னொரு வேலை. 1910 என்று விற்கும் ‘புகைப்பட’ அட்டை நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். தாளில் அந்த வெளுப்பு மருந்து 1950-களில்தான் சேர்ந்தது.

ஊதாச் சாயல் உள்ள பென்சில் எழுத்து இருந்தால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. அது சாயம் கலந்த காப்பிங் பென்சில். உலர்ந்தபோது சாம்பலாக, சாதுவாக இருக்கும். ஈர விரல் பட்டால் கத்தரிப்பூ நிறத்தில் பரவிப் பக்கம் முழுவதும் போய்விடும்.

சேலத்தின் வெயிலும் ஏற்காட்டின் பனியும் இரண்டு வேறு எதிரிகள். படத்தின் கருமையான இடங்களில், சாய்த்துப் பிடித்தால், நீலம் கலந்த வெள்ளி மினுக்கு தெரியும். கொலுசு கறுக்கும் கதைதான், வேறில்லை. படத்தில் இருப்பதும் வெள்ளி. கெட்ட காற்றும் ஈரமும் பட்டு அது கரைந்து மேலே வந்து மறுபடி வெள்ளியாகப் படிகிறது. ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, கட்டின இடத்தில் கோடாகக் கறுக்கும். கொலுசைப் போலத் தேய்த்துத் துலக்கினால் படமே போய்விடும். அந்த மினுக்கை அப்படியே விடுங்கள். பழைய படம் என்பதற்கு அது ஓர் அத்தாட்சியும்கூட.

ஏற்காட்டில், 1,500 மீட்டர் உயரத்தில், மழை மாதங்களில் சுவரே வேர்க்கும். அங்கே பூசணம் பிடிக்காத ஆல்பம் அபூர்வம். இதில் எல்லோரும் செய்யும் தவறு ஈரத் துணியால் துடைப்பது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், பூசணத்துக்கு அதுதான் சாப்பாடு. அது தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் பதத்துக்கு வந்திருக்கும். துணி பட்ட மாத்திரத்தில் முகம் துணியோடு வந்துவிடும். முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான உலர்ந்த அறையில் சில நாள் வையுங்கள். பூசணம் பொடியாக உலர்ந்த பின், முகமூடி போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டி எடுங்கள். சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் போன படத்தை உரிக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். மலையில் குளிர்ந்திருந்த பெட்டியை 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்தால் உடனே திறக்காதீர்கள். ஒரு நாள் மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் சூடான காற்றின் ஈரம் குளிர்ந்த படத்தின் மேல் வேர்வையாகப் படியும்.

வைப்பதற்கு அமிலமில்லாத தாள் உறை, அல்லது பாலியஸ்டர் உறை. பி.வி.சி. பிளாஸ்டிக் கூடாது, ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பம் கூடவே கூடாது. ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. மலையில் அதற்கு மூடி இறுக்கமான டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். நிறம் மாறியதும் வறுத்து உலர்த்தித் திரும்பப் போடலாம். ஏட்டுச் சுவடிக்கு வசம்பும் நொச்சி இலையும் வைத்த பழக்கம் நல்லதுதான், ஆனால் படத்தின் மேல் இலையை வைத்தால் அதன் எண்ணெய் கறை பிடிக்கும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவதும் வேண்டாம். கிழிந்த கடிதத்தை ஒட்ட மைதாப் பசை ஆகாது. பைண்டிங் கடைக்காரர் அதில் மயில்துத்தம் கலப்பார், பூச்சி வராது, ஆனால் அந்தத் தாமிரமே தாளை அரிக்கும். புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு, சிறு தீயில் விடாமல் கிளறி 20 முதல் 30 நிமிடம், ஆறியபின் சல்லடையில் இரண்டு முறை வடித்தால் பசை. அதை ஜப்பான் மென்தாளில் இழையாகத் தடவிப் பின்புறம் ஒட்ட வேண்டும். இரும்பு மசி எழுத்தின் மேல் ஈரமே வேண்டாம், அந்த இடத்தை விட்டு ஒட்டுங்கள்.

பரணில் தகர டப்பாவுக்குள் பிலிம் நெகட்டிவ் கிடைத்தால் முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் ஓரத்தைப் படியுங்கள். ‘சேஃப்டி’ என்றிருந்தால் பயமில்லை. ‘நைட்ரேட்’ என்றிருந்தாலோ, ஒன்றும் இல்லாமல் மஞ்சளாகிப் பிசுபிசுத்துச் சுருண்டு கார நெடி வந்தாலோ, அது தீப்பிடிக்கும் சரக்கு. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தரும், மூடினாலும் அணையாது. கோடக் 1951-இல்தான் அதை முழுவதும் நிறுத்தியது. வெயில் படாத, குளிர்ந்த, காற்றுப் புகும் இடத்துக்கு மாற்றிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவை உதறிவிடுங்கள். படங்களோடு சேர்த்தும் வைக்காதீர்கள், அதன் ஆவி வெள்ளியை மங்க வைக்கும்.

ஸ்கேன் கணக்கு சுருக்கம்தான். 3½×5½ அட்டைக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி: 2100×3300. சிறிய பிரௌனிப் படத்துக்கு 1200. கருப்பு வெள்ளையாக இருந்தாலும் கலரில் எடுங்கள், கறையின் நிறமும் மசியின் நிறமும் பிறகு வேண்டியிருக்கும். ‘டிஃப்’ ஆகச் சேமியுங்கள், முதுகையும் மறக்காமல் எடுங்கள். ஸ்கேனரில் தெரியாத, எழுத்து அழுந்திய தடம், ஸ்டுடியோவின் புடைப்பு முத்திரை போன்றவற்றுக்கு விளக்கைப் படத்தின் பக்கவாட்டில் தாழ வைத்து ஃபோனில் ஒரு படம்.

இணையத்தில் போடுவதற்கு முன் உரிமை. அமெரிக்காவில் வெளியான படம், வெளிவந்து 95 ஆண்டு கழிந்திருந்தால் பொதுச் சொத்து. வெளியாகாத கடிதத்துக்குக் கணக்கு வேறு: எழுதியவர் இறந்து 70 ஆண்டு. எழுதியவர் யாரென்றே தெரியாவிட்டால் எழுதியதிலிருந்து 120 ஆண்டு. காகிதம் கையில் இருப்பதால் வாசகத்தின் உரிமை வந்துவிடாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லேமினேஷன் கடைக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு: அந்தச் சூடு ஜெலட்டினை உருக்கும், பிளாஸ்டிக் பிறகு பிரியாது, முதுகின் முத்திரை வெளிச்சத்தில் பளபளத்து வாசிக்க வராது. ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் உரிக்க முயலாமல் அப்படியே இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, பதிவேட்டில் ‘சேலம், ஆரிகன்’ அல்லது ‘சேலம், மாசசூசெட்ஸ்’ என்று மாநிலத்தோடு எழுதிவிடுங்கள்.